அப்பாவுக்கு ஹெர்னியா, அண்ணனுக்கும் ஹெர்னியா: அடுத்தது நானா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. இப்போது அண்ணனுக்கும் ஆகிவிட்டது. கேட்பவருக்கு 34 வயது. ஜிம்மில் எடை தூக்குகிறார், எப்போதாவது சிகரெட்டும் உண்டு, இரண்டு வயதில் ஒரு மகன். இது பரம்பரையா, எடை தூக்குவதை விட்டுவிட வேண்டுமா, வராமல் தடுக்க ஏதாவது செய்யலாமா, மகனுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறார்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதுவும் சின்னப் பங்கு இல்லை. தொடையிடுக்கில் வரும் ஹெர்னியாவுக்கு இதுவரை தெரிந்த காரணங்களில் மிக உறுதியானவற்றில் ஒன்று குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருப்பதுதான். எடை தூக்குவதை விட வேண்டியதில்லை, தூக்கும் விதத்தை மட்டும் கவனியுங்கள். தடுக்க முடியுமா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எந்த ஹெர்னியாவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாகவே மாறும். பலரும் இந்த இடத்தில்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

வயிற்றுச் சுவரில் ஓரிடம் பலவீனமாகி, உள்ளே இருக்க வேண்டிய கொழுப்போ குடலோ அதன் வழியாகப் பிதுங்கினால் அது ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். தொடையிடுக்கில் வருவதுதான் அதிகம். தொப்புளில் வரும், பழைய ஆபரேஷன் தழும்பில் வரும். தொடையின் மேற்பகுதியில், ரத்தக்குழாய் இறங்கும் வழியிலும் வரும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தில் வருவது வேறு கதை, அது நெஞ்செரிச்சலாகத்தான் தெரியும். உங்கள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது அநேகமாகத் தொடையிடுக்கு வகையாக இருக்கும். இருந்தாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், கீழே சொல்வதில் பாதி அதைப் பொறுத்தது.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வாழ்நாளில் சுமார் 27 சதவீத ஆண்களுக்குத் தொடையிடுக்கு ஹெர்னியா வருகிறது என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி காணும் கணக்கு. பெண்களில் 3 சதவீதம். நான்கு ஆண்களில் ஒருவருக்கு வரும் ஒரு சங்கதி என்றால், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வருவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் தற்செயல் மட்டும் இல்லை என்கின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், மற்றவர்களைவிட வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

அப்படியானால் பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது என்ன? இரண்டு வேறு விஷயங்கள்.

ஒன்று, மூடாமல் போன ஒரு வழி. ஆண் சிசுவின் விதைகள் முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் கீழேதான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன்பு அவை தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்கி விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. அப்போது வயிற்றின் உள்ளுறை விரல் போல ஒரு நீட்சியாகக் கூடவே இறங்குகிறது. வேலை முடிந்ததும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடுவதில்லை. வலது விதை பொதுவாக இடதைவிடத் தாமதமாக இறங்குவதால், ஹெர்னியாவும் வலது பக்கம்தான் அதிகம். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு அதிகமாக வருவதற்கும் காரணம் இதுவே, மூடுவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

1906-ல் ஹாமில்டன் ரஸ்ஸல் என்ற அறுவை மருத்துவர், ஹெர்னியாவுக்கு அடிப்படையே பிறவியிலேயே இருக்கும் இந்தப் பைதான் என்று வாதிட்டார். ஆனால் அந்த வழி திறந்தே இருந்தும் ஆயுள் முழுக்க ஹெர்னியா வராதவர்கள் ஏராளம் என்பது பிரேதப் பரிசோதனைகளில் தெரிந்தது. வழி மட்டும் போதாது என்றால் இன்னொன்று வேண்டும். 1920-களில் ஆர்தர் கீத் என்ற உடற்கூறியலாளர், வயிற்றுச் சுவரின் திசுக்களே நோயுற்றுத் தளர்ந்துபோவதை ஆராய வேண்டும் என்று சொன்னார். அவர் கை காட்டிய திசையில்தான் ஆராய்ச்சி பின்னர் நகர்ந்தது.

அந்த இரண்டாவது விஷயம், திசுவின் தரம். தசையை மூடியிருக்கும் சவ்வு, தசைநாண், இவற்றுக்கெல்லாம் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அதில் முதல் வகை தடித்தது, உறுதியானது. மூன்றாம் வகை மெல்லியது, இளகியது. ஹெர்னியா வந்தவர்களின் திசுவை எடுத்துப் பார்த்தால், பல ஆய்வுகளில் முதல் வகையின் விகிதம் மூன்றாம் வகையோடு ஒப்பிடும்போது குறைந்திருக்கிறது. கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளும் சிலருக்குக் கூடுதலாக வேலை செய்கின்றன. ஆக, சுவர் எல்லோருக்கும் உண்டு, அதன் கலவை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நீங்கள் எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் அந்தக் கலவையை மாற்ற முடியாது. தசையை வளர்க்கலாம். சவ்வின் கொலாஜன் விகிதம் உங்கள் கையில் இல்லை.

மரபணு மட்டத்தில் பார்த்தால், 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொடையிடுக்கு ஹெர்னியா நோயாளிகளை, ஹெர்னியா இல்லாத அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டது. மரபுத்தொகுதியில் நான்கு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன: ஈஎஃப்இஎம்பி1, டபிள்யூடி1, ஈபிஎஃப்2, ஏடாம்டிஎஸ்6 ஆகிய மரபணுக்களை ஒட்டிய பகுதிகள். முதலாவது சுவாரசியமானது. அது மீள்தன்மையுள்ள இழைகளோடு தொடர்புடைய ஒரு புரதத்துக்கான மரபணு, அதை நீக்கி வளர்த்த எலிகளுக்கு ஹெர்னியா வந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் இந்தப் பட்டியலை இன்னும் நீட்டின.

இதைப் படித்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்குக் கிளம்ப வேண்டாம். ஒவ்வொரு இடமும் தனித்தனியாகக் கூட்டுகிற ஆபத்து மிகக் கொஞ்சம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், உங்கள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருந்தது என்ற தகவலே இன்றைக்கு அதைவிட உபயோகமானது, செலவும் இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. மார்பான், ஏலர்ஸ் டான்லோஸ் போன்ற இணைப்புத் திசு நோய்களில் ஹெர்னியா அடிக்கடி வரும். குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே ஹெர்னியா, திரும்பத் திரும்ப ஹெர்னியா, கூடவே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது, தோல் அசாதாரணமாக இழுபடுவது, மிக உயரமான ஒல்லியான உடல்வாகு, கண் வில்லை நகர்வது, இளவயதில் இதயப் பெருந்தமனி பிரச்சினை, இவற்றில் சில சேர்ந்து இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது தேட வேண்டியது வேறு, ஹெர்னியா அதன் ஓர் அறிகுறி மட்டும்தான்.

சரி, இனி உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் எடை தூக்குவது. "பாரம் தூக்கினான், குடல் இறங்கிவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆரோக்கியமானவர்களின் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை 2005-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். படுத்திருக்கும்போது பாதரச அளவில் சுமார் 2 மில்லிமீட்டர். நிற்கும்போது 20. நின்றபடி இருமினால் நூறைத் தாண்டுகிறது. நின்ற இடத்திலேயே குதித்தால் 170-ஐத் தொடுகிறது. முழங்காலை மடக்கிச் சின்ன எடையைத் தூக்கும்போதோ வெறுமனே நிற்கிற அளவைவிடப் பெரிதாகக் கூடவில்லை. அதாவது நாள் முழுக்க இருமுகிற ஒருவரின் வயிற்றுச் சுவர் படும் பாடு, ஒழுங்காக எடை தூக்குபவரின் சுவர் படும் பாட்டைவிட அதிகம். ஆனால் இதை ஜிம்முக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிகப் பெரிய எடையை மூச்சை அடக்கி, முக்கித் தூக்கும் பளுதூக்குவோரிடம் அழுத்தம் 200-ஐயும் தாண்டிப் போகும்.

வேலையில் பாரம் தூக்குவோரைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. டென்மார்க்கில் லட்சக்கணக்கான ஆண்களின் பதிவேடுகளை வைத்துப் பார்த்ததில், வருடக்கணக்காகப் பாரம் தூக்கும், நாள் முழுக்க நின்றே செய்யும் வேலைகளுக்கும், மூடாத வழியாக இறங்கும் வகைக்கும் தொடர்பு தெரிந்தது. சுவர் நேரடியாகத் தளர்ந்து வரும் வகைக்கு அப்படித் தெரியவில்லை. என் புரிதல் இது: வழியும் பலவீனமும் ஏற்கெனவே இருப்பவருக்குப் பாரம் அதை வெளியே கொண்டுவருகிறது. எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு தடவை தூக்கியதால் ஓட்டை விழுவது அபூர்வம். அன்றைக்குத் தூக்கும்போது கண்ணில் பட்டது என்பதால் அன்றைக்குத்தான் வந்தது என்று ஆகிவிடாது.

ஆகவே ஜிம்மை விடாதீர்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள். எடையை உடம்போடு ஒட்டி வைத்து, முதுகை வளைக்காமல் காலால் எழுந்திருங்கள். ஒரு தடவைக்கு மேல் தூக்க முடியாத உச்ச எடையைத் துரத்துவது போட்டிக்குப் போகிறவர்களுக்கு. உங்களுக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை. தொடையிடுக்கில் புதிதாக இழுப்போ கனமோ தெரிந்தால் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்துங்கள்.

மேலே சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் அடுத்து வருவது இருமல். ஒரு நாள் இருமலைச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் விடாத இருமலுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், ஒவ்வாமைச் சளி, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ஒரு வகை மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகை. எதுவானாலும் காரணத்தைத் தேடி வைத்தியம் பார்க்க வேண்டும்.

உங்கள் "எப்போதாவது" சிகரெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொடையிடுக்கில் முதல் தடவை வரும் ஹெர்னியாவுக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் புகைப்பவர்களின் காயங்களில் கொலாஜன் சரியாக உருவாவதில்லை. ஆபரேஷன் தழும்பில் ஹெர்னியா வருவதும், தைத்த ஹெர்னியா திரும்பி வருவதும் புகைப்பவர்களிடம் அதிகம். பரம்பரையில் சவ்வு கொஞ்சம் பலவீனமாகக் கிடைத்திருக்கும் ஒருவர், மிச்சமிருப்பதையும் புகையால் அரித்துக்கொள்ள வேண்டுமா? உங்களுக்கு என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்பட்டால், மருத்துவர் முதலில் நிறுத்தச் சொல்வதும் சிகரெட்டைத்தான். அதை இப்போதே செய்துவிடலாம்.

மலச்சிக்கலும் அப்படித்தான். அது ஹெர்னியாவை உண்டாக்குகிறது என்பதற்குப் பலமான ஆதாரம் கிடையாது, ஆனாலும் தினமும் முக்குவது நல்லதில்லை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நார்ச்சத்து, தண்ணீர், வந்தபோது அடக்காமல் போவது, இவ்வளவுதான். வயதான ஆண்கள் சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருந்தால், அது புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உடல் எடை விஷயத்தில் ஒரு வினோதம் உண்டு. பருமனானவர்களுக்குத்தான் எல்லா ஹெர்னியாவும் வரும் என்று நினைப்போம். தொடையிடுக்கு ஹெர்னியா அப்படி இல்லை. பெரிய ஆய்வுகளில் ஒல்லியானவர்களிடம்தான் அது அதிகமாகத் தெரிகிறது. பருமனானவர்களிடம் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தொப்புள், தழும்பு, உதரவிதானம் ஆகிய மூன்று இடங்களிலும் கணக்கு நேர்மாறு. தொப்பை கூடக் கூட அங்கே ஆபத்து கூடுகிறது, தைத்த பிறகு திரும்பி வருவதும் கூடுகிறது. எடையைக் குறைத்தால் ஹெர்னியா வராது என்று யாராவது மொத்தமாகச் சொன்னால், எந்த ஹெர்னியா என்று கேளுங்கள்.

உண்மையில் வாழ்க்கை முறை பெரிதாக வித்தியாசம் காட்டுவது ஆபரேஷனை ஒட்டித்தான் என்பது என் கருத்து. வயிற்றில் வேறு எந்தக் காரணத்துக்காக ஆபரேஷன் செய்தாலும், குடும்பத்தில் ஹெர்னியா உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வயிற்றை மூடும் தையலில் கூட விஷயம் இருக்கிறது. நெருக்கமாகச் சின்னச் சின்னத் தையல் போட்டவர்களில் ஒரு வருடத்தில் 13 சதவீதம் பேருக்கும், அகலமாகத் தைத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கும் தழும்பு ஹெர்னியா வந்ததாக 2015-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது. தையல் மருத்துவர் பாடு. அதற்கு முன் புகையை நிறுத்துவதும், எடையைக் குறைப்பதும், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவருவதும் உங்கள் பாடு.

வயிற்றுத் தசைப் பயிற்சி ஏற்கெனவே வந்த ஹெர்னியாவை மூடாது. ஆசனமும் மூடாது, எண்ணெயும் மூடாது. ஹெர்னியா பெல்ட் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், குணப்படுத்தாது.

தடுப்பதைவிட உங்களைப் போன்றவருக்குப் பயன்படுவது, சீக்கிரம் கண்டுகொள்வது. குளிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். நேராக நில்லுங்கள். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குச் சற்று மேலே இரண்டு விரலைத் தட்டையாக வையுங்கள், அழுத்த வேண்டாம். முகத்தைத் திருப்பி ஒரு தடவை நன்றாக இருமுங்கள். விரலுக்குக் கீழே ஏதோ வந்து முட்டிவிட்டுப் போவது போலத் தெரிந்தால், அல்லது நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் புடைத்து, படுத்தால் உள்ளே போய்விட்டால், மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பின் இன்னொரு பக்கத்தையும் இதேபோலப் பாருங்கள். இருமும்போது மடிப்பு முழுக்க லேசாக இறுகுவது எல்லோருக்கும் உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். தினமும் தடவிப் பார்த்தால் இல்லாததும் இருப்பது போலத் தோன்றும்.

அப்படியே வந்துவிட்டாலும் உடனே ஆபரேஷன் என்று இல்லை. பெரிதாகத் தொந்தரவு தராத தொடையிடுக்கு ஹெர்னியாவோடு இருந்த 720 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன் செய்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்து, அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளியானது. காத்திருந்தவர்களுக்குக் குடல் சிக்கி அவசர ஆபரேஷன் தேவைப்பட்டது மிக அபூர்வம், ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் இரண்டு பேருக்கும் குறைவு. இருந்தாலும் பத்து வருடத்தில் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் வலி கூடி ஆபரேஷன் செய்துகொண்டார்கள். காத்திருப்பது பாதுகாப்பானது, ஆனால் பெரும்பாலோருக்கு அது தள்ளிப்போடுவதுதான். மெஷ், அதாவது பலவீனமான இடத்தைத் தாங்கும் வலை, வைத்துத் தைத்த பிறகு, வலி அனுமதித்தால் சில நாட்களிலேயே வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஆயுள் முழுக்கப் பாரம் தூக்கக் கூடாது என்பதெல்லாம் பழைய பேச்சு. அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள், அவருடைய மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எப்போது ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய்க்கொண்டிருந்த புடைப்பு திடீரென்று போகாமல் கெட்டியாகி வலித்தால், மேலே தோல் சிவந்தால், வாந்தி வந்தால், காற்றும் மலமும் வெளியேறாமல் வயிறு உப்பினால், குடல் சிக்கியிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகும். கையால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்களுக்குச் சகோதரி இருந்தால் அவருக்கும் இது பொருந்தும். பெண்களுக்குக் குறைவாகத்தான் வரும், ஆனால் தொடையின் மேற்பகுதியில் வரும் வகை பெண்களிடம் அதிகம். அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் மற்றதைவிட நிறைய, அதனால் அதில் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. தொடையிடுக்கில் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால் நெறிக்கட்டியாக இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

அப்புறம் மகன். இப்போது பரிசோதனை எதுவும் தேவையில்லை. அழும்போதோ முக்கும்போதோ தொடையிடுக்கிலோ விதைப்பையிலோ ஒரு பக்கம் புடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புடைத்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் மருத்துவரிடம் போய் நிற்கும்போது பெரும்பாலும் அது தெரியாது. குழந்தைகளுக்குத் தொப்புளில் வருவது நாலைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானாக மூடிவிடும், நாணயம் வைத்துக் கட்டுவதெல்லாம் வேண்டாம். தொடையிடுக்கில் வருவது தானாக மூடாது. சின்னக் குழந்தைகளிடம் அது சிக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால், அங்கே மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை அறுவை மருத்துவரைப் பாருங்கள். விதை இரண்டும் பையில் இறங்கியிருக்கிறதா என்பதையும் அதே தடவையில் பார்த்துவிடச் சொல்லலாம்.